கோலம் போடும் கைக்குத் துணியில் வேலை இருக்கிறது

மார்கழி பிறந்தால் எங்கள் ஜனக்புரி வீட்டு வாசலில் அம்மா கோலம் போடுவார். இரண்டாவது மாடி. படிக்கட்டுக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி இடம்தான் உண்டு. பெரிய கோலம் அதற்குள் அடங்காது. அதனால் அதில் ஒரு துண்டை மட்டும் போட்டுவிட்டு, "மிச்சத்த நீயே நாலு பக்கமும் ஓட்டிப் பாத்துக்கோ" என்பார். இன்று எனக்குச் சோறு போடும் தொழிலின் முதல் பாடம் அதுதான்.

பிறகு துணிக்கு டிசைன் வரையும் வேலைக்கு வந்தேன். சீனியர் ஒருவர் பலகையில் இரண்டு படம் போட்டு, "இது ஸ்ட்ரெயிட் ரிப்பீட், இது ஹாஃப் டிராப்" என்றார். இரண்டும் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிக்கு நேர்கீழே புள்ளி நிற்கும், அது முதலாவது. இடைப்புள்ளியில் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்வரிசைப் புள்ளி விழும். சுவரில் செங்கல் அடுக்குவதுபோல் இருப்பதால் துணிக்காரர்கள் இதை 'பிரிக்' என்பார்கள். இதையே செங்குத்தாகத் திருப்பி, பக்கத்து நிரலைப் பாதி உயரம் கீழே இறக்கினால் ஹாஃப் டிராப். பூப்போட்ட துணியில் அடிக்கடி கண்ணில் படுவது இந்த மூன்றாவது வகை. திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு துண்டை இங்கே 'கட்டம்' என்றே சொல்லப்போகிறேன்.

பூ வரையப் பலருக்கும் வரும். ஒரு கட்டம் அடுத்த கட்டத்தோடு சேருமிடத்தில் கண் தடுக்காமல் இருக்கிறதா என்பதற்குத்தான் இந்தத் தொழிலில் சம்பளம். கையால் வரைபவர்கள் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் காகிதம்

கணினியைத் திறக்காதீர்கள். 20 செ.மீ. சதுரமாகக் கொஞ்சம் தடித்த தாள் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் நான்கு மூலைகளிலும் 1, 2, 3, 4 என்று எழுதி வையுங்கள். பின்னால் குழப்பம் வராது. தாளின் நடுவில் வரையத் தொடங்குங்கள். விளிம்பை எதுவும் தொடக்கூடாது.

இப்போது தாளை மேலிருந்து கீழாகச் சரிபாதியாக வெட்டுங்கள். ஆமாம், வரைந்த பூவின் மேலேயே கத்தி போகும். இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்னால் டேப் ஒட்டுங்கள். அடுத்து குறுக்கே வெட்டி, மேல்பாதியைக் கீழும் கீழ்ப்பாதியை மேலும் மாற்றுங்கள். வரைந்ததெல்லாம் நான்கு மூலைகளுக்கும் போய்விட்டது. நடுவில் சிலுவைபோல் வெற்றிடம் திறந்திருக்கிறது. அதை நிரப்புங்கள், மறுபடியும் விளிம்பைத் தொடாமல். ஓரங்களின் நடுவில் இன்னும் வெறுமை தெரிந்தால், முதலில் இடம் வலமாக மட்டும் வெட்டி மாற்றி நடுவை நிரப்புங்கள்; பிறகு இரண்டு திசையிலும் மாற்றி, நடுவுக்கு வரும் மிச்ச வெறுமையை நிரப்பினால் போதும். உங்கள் கட்டம் தயார். நான்கு பக்கமும் தன்னோடு தானே பொருந்தும்.

ஹாஃப் டிராப் வேண்டுமா? ஒரே ஒரு வித்தியாசம். இடம் வலம் மாற்றிய பிறகு, ஒரு பாதியை மட்டும் குறுக்கே வெட்டி மேல் கீழ் மாற்றுங்கள். மற்ற பாதி அப்படியே இருக்கட்டும். நடுவில் தெரியும் சேர்க்கைதான் துணியில் பக்கத்து நிரலோடு நடக்கப்போகும் சேர்க்கை. அதை வரைந்து மூடுங்கள். நேர்முகத்தேர்வில் இதைக் காகிதத்திலேயே செய்து காட்டத் தெரிந்த ஒருவரை எளிதில் மறக்க மாட்டார்கள்.

முடித்த கட்டத்தை ஒன்பது நகல் எடுத்துத் தரையில் மூன்றுக்கு மூன்றாகப் பரப்புங்கள். நகல் கடையில் ஆகும் சில ரூபாய், பின்னால் ஒரு முழுச் சாம்பிளின் செலவை மிச்சப்படுத்தும்.

துணியில் ஓடிய சாலை

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் சரக்கொன்றையை வரைந்தேன். மே மாதத் தில்லியில் வெயில் ஏற ஏற மஞ்சளாகத் தொங்குமே, இங்கே அமல்தாஸ் என்பார்கள், அதுதான். திரையில் கட்டம் கட்டமாக ஓட்டிப் பார்த்தேன், ஒட்டே தெரியவில்லை. மூன்று மீட்டர் சாம்பிள் அச்சாகி வந்தது. வெட்டும் மேஜையில் விரித்த மாஸ்டர்ஜி ஒரு கணம் தள்ளி நின்று பார்த்தார். "மேடம், இதுல ஒரு சடக் போகுது" என்றார். சடக் என்றால் சாலை. துணியின் குறுக்கே மூலையிலிருந்து மூலைக்கு வெள்ளையாக ஒரு பாதை ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. எல்லாக் கொத்துகளும் ஒரே கோணத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த வெற்றிடங்களும் ஒரே சரிவில் அடுக்கி நின்றன. ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. இருபது கட்டம் சேர்ந்தால் வேறெதுவும் தெரியாது. ஒரு கொத்தைத் திருப்பி, இன்னொன்றைச் சிறிதாக்கி, பாதை நடுவே உதிர்ந்த இதழ் நான்கைப் போட்டதும் சாலை மறைந்தது. அன்றிலிருந்து பூவை வரைவதற்கு முன்பே வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்து பார்க்கிறேன். அம்மா புள்ளி வைத்துவிட்டு, மாவை எடுக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். கோடு ஏதாவது ஓடுகிறதா? ஓட்டைபோல ஓரிடம் வெறிச்சென்று இருக்கிறதா? கட்டத்தில் ஒரே ஒரு அடர்சிவப்பு இருக்கிறதா? இருந்தால் துணி முழுக்கச் சிவப்புப் பொட்டு வரிசைதான் கண்ணில் படும், பூ படாது. அழுத்தமான நிறம் கட்டத்துக்குக் குறைந்தது மூன்று இடத்தில், முக்கோணமாகச் சிதறி இருக்கட்டும்.

திசையையும் கவனியுங்கள். எல்லாப் பூவும் மேல்நோக்கி நின்றால் அது ஒருவழித் துணி. தையல்காரர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே திசையில்தான் வெட்ட முடியும். துண்டுகளைத் தலைகீழாகச் செருகித் துணியை மிச்சம் பிடிக்க முடியாது. குர்த்தி தைக்கும் கம்பெனிக்கு இது நேரடி நஷ்டம். திரைச்சீலைக்கோ மேல்நோக்கிய பூதான் அழகு. எதற்காக வரைகிறோம் என்று கேட்டுவிட்டு வரையுங்கள்.

இயந்திரத்தின் அளவு

ஸ்கேன் எடுக்கும்போது நிஜ அளவில் 300 டி.பி.ஐ. போதும், பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் 600. போட்டோஷாப்பில் 'ஆஃப்செட்' என்ற கருவி, நாம் கத்தியால் செய்த அதே வேலையைச் செய்கிறது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 32 செ.மீ. அகலம் என்றால் 300 டி.பி.ஐ.யில் ஏறத்தாழ 3779.5 பிக்சல் வரும். அதை 3780 என்று இரட்டைப்படை எண்ணாக்கி, 1890 பிக்சல் நகர்த்துங்கள். பாதி சரியாக விழாவிட்டால் சேர்க்கையில் முடி இழைபோல ஒரு கோடு நிற்கும். திரையில் தப்பித்து, துணியில் மாட்டிக்கொள்ளும். மென்பொருள் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு க்ரிதா இலவசம். அதில் 'ரேப் அரவுண்ட்' முறையை இயக்கிவிட்டால், வலப்பக்கம் வெளியே போகும் கோடு இடப்பக்கம் உள்ளே வரும். கட்டம் தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வரையலாம்.

அளவை நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாத இடமும் உண்டு. நெதர்லாந்தின் ஸ்டார்க் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய ரோட்டரி ஸ்கிரீன் முறையில், டிசைன் ஓர் உலோக உருளையில் ஏறுகிறது. அந்த உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. எனவே உங்கள் கட்டத்தின் உயரம் 64, 32, 16, 8 என்று 64-ஐ மிச்சமில்லாமல் பங்கிட வேண்டும். மூன்றாகப் பங்கிட்டால் 21.33. எனக்குப் பிடித்தது என்று 25 செ.மீ. கட்டம் கொண்டுபோனால், அச்சகத்தில் யாரோ அதை இழுத்தோ சுருக்கியோ பொருத்துவார்கள், பூ சப்பையாகிவிடும். டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஆர்டர் பெரிதானால் கம்பெனி ரோட்டரிக்கு மாறக்கூடும். முதலிலேயே 32-க்கு வரைந்துவிடுவது என் வழக்கம்.

நிறமும் அப்படித்தான். ரோட்டரியிலும் ஸ்கிரீனிலும் ஒரு நிறத்துக்கு ஓர் உருளை அல்லது ஒரு சட்டம். நிறம் கூடக் கூடச் செலவு கூடும். வாட்டர்கலரில் குழைத்த ஓவியத்தை ஆறு நிறமாகக் குறைக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. புதிதாக வருபவர்கள் முதல் ஆறு மாதம் எட்டு நிறத்துக்கு மேல் தொடாமல் பழகுங்கள். பிறகு டிஜிட்டலின் சுதந்திரம் உங்களைக் கெடுக்காது.

மரக்கட்டை கற்றுத்தருவது

ஜனக்புரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. 2014-ல் திறந்த தில்லி ஹாட் நம் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே கட்டை அச்சிட்ட படுக்கை விரிப்பு எது கண்ணில் பட்டாலும் நின்று, ஒரு கட்டை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடுங்கள். நல்ல வேலையாக இருந்தால் பத்து நிமிடம் ஆகும். ஏனென்றால் நல்ல கட்டையின் ஓரம் சதுரமாக இருக்காது. இலையின் வளைவிலும் தண்டின் ஓரத்திலும் நெளிந்து முடியும். அச்சிடுபவர் கண்ணளவில் கட்டையை வைக்கிறார். மயிரிழை பிசகினாலும் அந்தப் பிசகு இலைக்குள் ஒளிந்துகொள்ளும். கணினிக் கட்டத்திலும் இதையே செய்யுங்கள். ஓரத்தை நேர்கோடாக விடாமல், பூவையும் இலையையும் எல்லை தாண்டிப் பாயவிடுங்கள்.

ஜெய்ப்பூரை ஒட்டிய பக்ரு, சாங்கனேர் பட்டறைகளில் ஒரே டிசைனுக்கு வெவ்வேறு கட்டைகள் இருக்கும். வெளிக்கோட்டுக்கு 'ரேக்', உள்நிறத்துக்கு 'தத்தா', பின்புலத்துக்கு 'கத்'. நிறம் பிரிப்பது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருளும் எனக்குச் சொல்லவில்லை. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆமேரில் 2005 முதல் அனோகி கைஅச்சு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஜெய்ப்பூர் போக முடியாதவர்கள், ஜனக்புரி மேற்கில் ப்ளூ லைன் ஏறி சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்கினால், பைரோன் மார்க்கில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகம் பக்கம்தான்.

நமக்கு இது வெளியூர்க் கலை அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிக்கு ஐரோப்பா அடிமைப்பட்டுக் கிடந்தது. பிரான்ஸ் 1686-ல் அதைத் தடை செய்தது; இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் துணியை எப்படிச் செய்கிறார்கள் என்று கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-ல் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. காகிதத்தில் வரைந்த டிசைனின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, அதன்மேல் கரித்தூள் தட்டித் துணிக்கு மாற்றினார்கள். ஒரு தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். திருப்பிப் போட்டால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். இன்று நாம் 'காப்பி', 'ஃப்ளிப்' என்று பொத்தானை அழுத்துவது இதே வேலைதான். அந்த மரபின் ஒரு கிளையான கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு வேர் தேடுகிறீர்கள் என்றால், இணையத்தில் சுற்றும் ஐரோப்பிய ரோஜாவைவிட இது பக்கம்.

ஒரே மெட்ரோவில் ஒரு தொழில்

2018-ல் மெஜந்தா லைன் ஜனக்புரி மேற்கு வரை வந்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலின் வரைபடமே அந்தப் பாதையில் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஹௌஸ் காஸில் இருக்கிறது, 1986-ல் தொடங்கிய ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட். அங்கே ஜவுளி வடிவமைப்பில் நான்காண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. நேரு என்க்ளேவில் இறங்கினால் நேரு பிளேஸ் துணிக்கடைகள். ஓக்லாவில் ஏற்றுமதி நிறுவனங்கள். கடைசி வரை போனால் நொய்டா. ஹௌஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறினால் குருகிராம் பக்கம் போகலாம்.

ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதுல நிரந்தர வேலை இருக்கா?" இருக்கிறது, மூன்று வகையில். ஏற்றுமதி நிறுவனம் அல்லது பிராண்டில் மாதச் சம்பளத்துக்கு டிசைனராக இருக்கலாம். டிசைன்களை மட்டுமே வரைந்து விற்கும் ஸ்டுடியோவில் சேரலாம். தனியாக வரைந்து விற்கலாம். தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை முதலாவது, குறைந்தது இரண்டு ஆண்டு. அச்சகமும் வெட்டும் மேஜையும் பார்க்காமல் தனியாகத் தொடங்கியவர்கள் திரையில் அழகான, துணியில் ஓடாத டிசைன்களோடு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர் திரும்ப நினைப்பவர்களுக்குக் கரூரில் படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும், திருப்பூரில் பின்னலாடையும் இருக்கின்றன. நிஃப்ட் சென்னையில் தரமணியிலும் உண்டு. ஓவியக் கல்லூரிப் படிப்பும் இதற்குக் குறைந்ததல்ல. 1956-ல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களையே வேலைக்கு எடுத்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே.ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துணை இயக்குநராக இருந்தார்.

போர்ட்ஃபோலியோவில் நாற்பது டிசைன் வேண்டாம். மூன்று தொகுப்பு போதும். ஒவ்வொன்றிலும் பெரிய டிசைன் ஒன்று, அதோடு போகும் நடுத்தரமானது ஒன்று, தூரத்திலிருந்து வெறும் நிறமாகத் தெரியும் பொடி டிசைன் ஒன்று. ஒவ்வொரு டிசைனுக்கும் கட்டத்தைத் தனியாகவும், ஓட்டியதைத் தனியாகவும், இரண்டு மாற்று நிறத்திலும் காட்டுங்கள். கட்டத்தின் அளவைச் செ.மீ.யில் எழுதுங்கள். பென்சில் வரைவுகளை மறைக்காதீர்கள். கணினியில் பூவைச் செய்து தள்ளும் வசதி எல்லோருக்கும் வந்துவிட்ட காலத்தில், கை எப்படி யோசித்தது என்பதைக் காட்டும் அந்த அழுக்குத் தாள்தான் உங்களைத் தனியாக நிறுத்தும்.

உரிமை யாருக்கு?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நான் வரைந்தது, எனவே காப்புரிமை என்னுடையது என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு வேறு சொல்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அது தொழில்துறை முறையில் 50 முறைக்கு மேல் பொருளில் அச்சாகிவிட்டால், அந்த டிசைனில் காப்புரிமை முடிந்துவிடும். மெத்தை உறைத் துணி டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-ல் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது. ரிதிகா நிறுவனம் பிபா மீது தொடுத்த வழக்கிலும் 2016-ல் அதே நீதிமன்றம் இதையே சொன்னது. ஐம்பது குர்த்தி என்பது ஒரு மதியத்து வேலை.

எனவே விற்கக்கூடிய டிசைனை 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். பத்து ஆண்டு பாதுகாப்பு; இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன் டிசைனை வெளியில் காட்டக்கூடாது. ஆசையாக இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பிறகு பதிவுக்குப் போனால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக வரைந்தால், அந்தச் சட்டத்தின்படி டிசைனின் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். சம்பள வேலையிலும் அப்படியே, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை. தனியாக விற்பவர்கள் முழு உரிமையா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கும் பொருளுக்கும் மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். படுக்கை விரிப்புக்கு விற்ற டிசைன் குழந்தைச் சட்டையில் வந்தால் கேட்க ஒரு வரி வேண்டும். லேயர் பிரித்த மூலக் கோப்பை முழுப் பணம் வரும்வரை கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அச்சகத்திலிருந்து சோதனைத் துண்டு வரும், ஸ்ட்ரைக்-ஆஃப் என்பார்கள். குழல்விளக்கில் பார்த்து ஒப்புதல் சொல்லிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பால்கனியில் வைத்துப் பாருங்கள். சேர்க்கை விழும் இடத்தைக் கோலில் அளந்து, கட்டம் 32 செ.மீ.தானா என்று சரிபாருங்கள். ஒரு முறை துவைத்து, காயவைத்து, மறுபடியும் அளந்து பாருங்கள். பிறகு அதிலிருந்து ஒரு கையகலத் துண்டை வெட்டி, பின்னால் தேதியும் கையெழுத்தும் போட்டு உங்கள் கோப்பில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஆயிரம் மீட்டர் அச்சாகி வரும்போது, நீங்கள் எந்த மஞ்சளுக்குச் சம்மதித்தீர்கள் என்று சொல்ல அந்தத் துண்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.